சித்திரையில் போட்ட பெயர்

தென்காசி, இலஞ்சி, மேலகரம், குற்றாலம் என்று சுற்றுவட்டாரத்தில் நூற்றுப் பதினோரு வீடுகளில் மெயின் போர்டின் கதவுக்கு உட்புறம் ரூபியின் பெயர் இருக்கிறது. வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் எழுதியது. பெயருக்குக் கீழே ஒரு தேதி, ஓர் எண். எண் ஒன்று புள்ளி எட்டு என்றிருக்கும், இரண்டரை என்றிருக்கும், மூன்றைத் தாண்டாது. தேதி எந்த வருஷமானாலும் சித்திரை மாதத்துக்குள் விழும். ஒரு வீட்டில் மட்டும் பெயருக்கு அடியில் பெயிண்ட் போய்த் தகரம் பளபளக்கிறது.

வேலை ஐப்பசியில் முடிந்திருக்கலாம். தையில் பால் காய்ச்சிக் குடியேறியிருக்கலாம். பெயர் மட்டும் வெயில் உச்சியில் நிற்கும்போதுதான் வரும். ரூபி தன் பழைய எர்த் மீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவாள். மண்ணில் இரண்டு கம்பிகளை அடிப்பாள். மீட்டரின் கைப்பிடியைச் சுற்றி, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். கரண்டு வழிதப்பினால் மண்ணுக்குள் இறங்கிப்போக அந்த வீட்டில் பாதை இருக்கிறதா, எவ்வளவு அகலம் என்பதைச் சொல்லும் எண் அது. எண் சிறிதானால் பாதை அகலம். மூன்று ஓமுக்குள் இருந்தால் பெயிண்ட் பேனாவை எடுப்பாள். இல்லையென்றால் மண்வெட்டி கேட்பாள்.

"தாலி கட்டி எட்டு மாசம் கழிச்சுப் பொண்ணு பாக்க வந்திருக்கா" என்றார் மேலகரத்தில் ஒரு வீட்டுக்காரர்.

"பொண்ணு குடித்தனம் பண்ணுதான்னு பாக்க வந்திருக்கேன்" என்றாள் ரூபி.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. கீழப்பாவூரில் பிறந்தவள். அம்மா மாவு அரைத்து விற்றார். அந்தக் கிரைண்டர் ஈரக்கையால் தொட்டால் கரண்டு பிடிக்கும். "லேசாத்தான் பிடிக்கும்" என்பார் அம்மா. பிடிக்காமல் இருக்கக் காலடியில் ஒரு மரப்பலகை கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றுதான் மாவை வழிக்க வேண்டும். கிரைண்டர் இருந்த வீடுகளிலெல்லாம் அந்தத் தெருவில் அப்படி ஒரு பலகையும் இருந்தது.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் ரூபி கிரைண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். மூன்று முனைகளில் இரண்டுக்குத்தான் வயர் போயிருந்தது. பச்சை வயரை அறுத்து மடக்கி உள்ளே திணித்திருந்தார்கள்.

"இது எதுக்கும்மா?"

"அது தேவப்படாதாம். மாட்டிக் குடுத்தவன் சொன்னான்."

தேவைப்படாத அந்த வயர் எங்கே போக வேண்டியது என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தாள். முதல் நாள் வகுப்பு வாசலில் நின்றவளைப் பார்த்து வாத்தியார், "தையல் கிளாஸ் அந்தக் கட்டடம்மா" என்றார். "நான் ஒயருக்கு வந்திருக்கேன் சார்" என்றாள். சில வருஷம் ஒரு கான்ட்ராக்டரிடம் சுவர் வெட்டினாள். பிறகு பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கினாள். அதில் ஒயர்மேன் என்று இருந்தது. அவள் கணவர் ஸ்டான்லி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, "ஒரு வீட்டுல ரெண்டு ஆம்பளைக்கு எடம் காணாதே" என்றார்.

"அப்ப நீங்க வேன்ல படுத்துக்கிடுங்க."

தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை அச்சன்புதூரில், ஹாஜரா பீவியின் புது வீடு. வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். ஆடி மாதம். சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு, குழாயை இறக்கி, அளந்தாள். இரண்டு. ஹாஜரா பீவி பிரியாணி போட்டு அனுப்பினார். ஒன்பது மாதம் கழித்து அவரே போன் செய்தார்.

"ரூபி, ஒன் எர்த்து லீவுல போயிருச்சு போல. வாஷிங் மிஷினு கடிக்கி."

போய் அளந்தாள். இருபத்தெட்டு. குழியைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆடியில் அவள் அளந்தது தன் வேலையை அல்ல, சாரலை. இந்தப் பக்கத்தில் மூன்று மாதம் எந்த மண்ணில் எதை நட்டாலும் எண் நன்றாகத்தான் வரும். ஹாஜரா பீவி திட்டவில்லை. சின்னப் பிள்ளையின் விரலைக் காட்டினார். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் இதே விரல்தான் மிஷினைத் தொட்டது என்றார். ரூபி அன்றைக்கே இரண்டாவது குழி தோண்டினாள்.

அதிலிருந்து சித்திரையில் அளக்காத எர்த்தை அவள் எர்த் என்று ஒப்புக்கொண்டதில்லை.

பெயர் எழுதும் பழக்கம் அதற்கும் பிறகு வந்தது. குற்றாலத்தில், ஐந்தருவி போகும் சாலையில், சண்முகநாதனின் வீட்டுக்கு வயரிங் செய்தபோது. அவர் ரிட்டயர்டு சர்வேயர். நிலபுலன் உள்ள குடும்பம். மாடியில் நான்கு அறைகள் கட்டி சீசனுக்கு வாடகைக்கு விடுகிறவர். சித்திரையில் ரூபி மீட்டரோடு வந்து நின்றபோது அவர் சந்தேகப்பட்டார். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி வருகிற எலக்ட்ரீஷியனை அவர் பார்த்ததில்லை.

"எவ்வளவு வருது?"

"ஒண்ணு புள்ளி ஒம்போது அண்ணாச்சி. நல்லா இருக்கு."

"சரி, பேரு போடு. தேதி போடு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரு வீட்டு வாசல்ல போயி நிக்க?"

கதவின் உட்புறம் எழுதினாள். ரூபி. 30-4-2011. 1.9. அதுதான் முதல் பெயர். அன்று திரும்பும்போது ஸ்கூட்டரை இரண்டு இடத்தில் நிறுத்தி, அப்படி எழுதியதை நினைத்துப் பார்த்ததாக ஸ்டான்லியிடம் சொன்னாள்.

போன வருஷம் ஆனியில் சண்முகநாதன் போன் செய்தார்.

"ரூபி, எலக்ட்ரிக் காரு புக் பண்ணியாச்சு. ஆச்சிக்குப் பெட்ரோல் வாடை ஆகாதுல்லா, பழைய அரண்மனை விலக்கு தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுத்துருதா. இருபத்தெட்டாந் தேதி வெள்ளிக்கிழம வண்டி வருது. அதுக்குப் பெறவு ஆடி பொறந்துரும். ஆடியில புது வண்டிய வீட்டுக்குள்ள ஏத்த முடியாது. கம்பெனியில இருந்து இஞ்சினியரு வந்து பாத்துட்டான். எல்லாம் சரியா இருக்குன்னுட்டான். நீ கேபிள இழுத்து, லோடு கூட்டுத ஈபி பாரத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்."

"வாரேன் அண்ணாச்சி. மொதல்ல பாக்கேன்."

ஆனி எட்டாம் தேதி போனாள். மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. சாரல் சாய்வாக வந்துகொண்டிருந்தது. கம்பெனி இன்ஜினியர் அஹ்சனும் வந்திருந்தான். அச்சன்புதூர்க்காரன். காருக்குச் சார்ஜர் மாட்டும் வேலையில் ஒரு வருஷ அனுபவம். கையில் பாரங்கள் வைத்த பிளாஸ்டிக் உறை.

வீட்டின் பக்கவாட்டில் புதிதாக ஒரு போர்டிகோ. தகரக் கூரை, கீழே சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் கற்கள். மாசியில் சண்முகநாதனே நூல் பிடித்து நின்று போட்டது. ஒரு கல் பிசகவில்லை. காருக்காகக் கட்டிய இடம். கார் வருவதற்கு முன்பே தினம் இருமுறை அவர் அதைப் பெருக்கச் சொன்னார்.

"இந்தச் சுவத்துல மாட்டிரலாம்க்கா" என்று அஹ்சன் மேற்குச் சுவரைக் காட்டினான். "மெயின் போர்டுல இருந்து கிட்ட."

"தம்பி, சாரல் எந்தப் பக்கமிருந்து வருது?"

அவன் திரும்பிப் பார்த்தான். மேற்குச் சுவர் நனைந்திருந்தது.

"கிழக்குச் சுவத்துல மாட்டுவோம். கேபிள் எட்டடி கூடப் போவும், போட்டும். நெஞ்சு ஒசரத்துல வைப்போம். அப்புறம் கார்ல சொருகுத அந்த 'கன்'ன வெளிய தொங்கவிடக் கூடாது. இரும்புப் பெட்டி செஞ்சு உள்ள வச்சுத் திருகாணி போடணும்."

"திருகாணி எதுக்கு? கொக்கி போதாதா?"

உள்ளேயிருந்து சண்முகநாதனின் மனைவி வடிவாம்பாள் ஆச்சி குரல் கொடுத்தார். "கொக்கியெல்லாம் கொரங்கு தொறந்துரும்ப்பா. போன சீசன்ல டிஷ் ஒயரப் பிடிச்சு ஊஞ்சலாடிச்சு. கூட ரெண்டு குட்டி வேற."

ரூபி நோட்டில் எழுதிக்கொண்டே போனாள். மெயின் போர்டிலிருந்து நேராகத் தனி கேபிள். நடுவில் எந்த இணைப்பும் கூடாது. அதற்கென்று தனி பிரேக்கர், கசிவு வந்தால் விழுகிற தனி ஆர்சிசிபி. மாடியில் நான்கு வாட்டர் ஹீட்டர்கள்; சீசனில் காலை ஐந்தரைக்கு நான்கும் ஒன்றாக ஓடும். ஆகவே கார் இரவு பதினொன்றுக்குத் தொடங்கி ஐந்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும். ஹால் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுத்து எந்த விருந்தாளியும் தன் காரைச் சார்ஜ் போடக் கூடாது. அதை அட்டையில் எழுதி மாடிப்படியில் தொங்கவிட வேண்டும். சண்முகநாதன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இதெல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது.

பிறகு ரூபி தரையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, தொவைக்க கல்லு எங்க?"

"அதத் தூக்கியாச்சு. தண்ணி போவுத வாறுகாலயும் பின்பக்கம் வாழைக்குத் திருப்பிட்டேன். பெறவு எப்பிடி இந்த எடம் கெடச்சிதுங்கிய?"

ரூபி சுவரிலிருந்து அடி வைத்து அளந்து, மூன்றாவது வரிசையில் ஒரு சிவப்புக் கல்லின்மேல் போய் நின்றாள். அவள் காலுக்குக் கீழேதான் அந்த எர்த் குழி இருந்தது. துணி துவைக்கிற தண்ணீர் நாள் தவறாமல் விழுகிற இடம் என்றுதான் அன்றைக்கு அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். பதிமூன்று வருஷம் அந்தத் தண்ணீர் குழியைக் காயவிடவில்லை. இப்போது கல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை, மேலே கூரை.

"இந்தக் குழி சித்திரையில காஞ்சிரும் அண்ணாச்சி. புதுசா ரெண்டு குழி போடணும். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது."

அஹ்சன் பாரத்தைப் பார்த்தான். "அக்கா, எர்த் ஒண்ணு புள்ளி ஏழு வருது. நேத்து நாந்தான் அளந்தேன். நாங்க அஞ்சு வரைக்கும் பாஸ் பண்ணுவோம்."

"நீ தப்பா அளக்கல. நீ சாரல அளந்திருக்க."

"ஏ ரூபி" என்றார் சண்முகநாதன், "அதான் ஆர்சிசிபின்னு எழுதியிருக்கியே. கரண்டு கசிஞ்சா அது விழுந்துருமே."

"விழும். எர்த் நல்லா இருந்தா, கசிஞ்ச ஒடனே ஆளு தொடுததுக்கு முன்னாலேயே விழும். எர்த் இல்லன்னா, ஒரு ஆளு தொட்டு அவன் ஒடம்பு வழியா எறங்குன பெறவுதான் விழும். யாரு ஒடம்பு அண்ணாச்சி?"

"எர்த் போச்சுன்னா எங்க சார்ஜரே செவப்பு லைட் போட்டு நின்னுரும்க்கா" என்றான் அஹ்சன்.

"அங்கனதான் தம்பி எனக்குப் பயமே. சித்திரையில செவப்பு லைட்டு எரியும். அண்ணாச்சிக்கு அன்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவணும். நான் ஊர்ல இருக்க மாட்டேன். எவனாவது வருவான். போர்டுல எர்த்தையும் நியூட்ரலையும் சேத்து முறுக்கி விட்டுருவான். சார்ஜர் ஏமாந்து பச்சை லைட்டப் போட்ரும். பாத்தியளா, அஞ்சு நிமிச வேலைம்பான். அடுத்த ஆனியில காத்துக்கு மரம் சாஞ்சு போஸ்டுல நியூட்ரல் அறுந்துதுன்னு வையி, திரும்பிப் போவ வழியில்லாம காரு மொத்தமும் கரண்டு. இந்த ஊர்ல அந்த நேரம் வீட்டுக்குள்ள வாரவன் பூரா அருவியில குளிச்சிட்டு, வெறுங்காலோட, சொட்டச் சொட்ட வாரவன். துண்ட எங்க காயப்போடுவான்?"

அந்த நேரத்தில் மாடி அறைக்காரர் ஒருவர் எண்ணெயும் ஈரமுமாக உள்ளே வந்து, போர்டிகோத் தூணில் கையை ஊன்றிக் கால் மணலைத் தட்டிவிட்டு, படியேறிப் போனார்.

அஹ்சன் மெதுவாகச் சொன்னான். "எங்க பாரத்துல மாசம் கேக்கதில்லக்கா."

சண்முகநாதன் பேவர் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத ஒடைக்க விடமாட்டேன்."

"ஒரு ஓரமா—"

"ஓரமும் வேண்டாம், நடுவுலயும் வேண்டாம். ஆனி இருபத்தெட்டுக்கு வண்டி வரணும். படிச்ச பையன் சரிங்கான், மீட்டர் சரிங்கு, நீ மட்டும் சித்திரைக்கு ஜோசியம் சொல்லுத. ஒன்ன விட்டா ஊர்ல ஆளில்லையா?"

"நெறைய பேரு இருக்காங்க அண்ணாச்சி."

அவர் சொன்னதில் மிரட்டல் இருந்தது, அது ரூபிக்கும் தெரியும். அவருடைய மைத்துனருக்கு மெயின் அருவிப் பக்கம் இரண்டு லாட்ஜ். சித்தப்பா மக்கள் வீடுகள் நாலு. எல்லாவற்றுக்கும் அவள்தான் போய்க்கொண்டிருந்தாள். அண்ணாச்சி வீட்டில் ஆள் மாறினால் அங்கேயும் மாறும்.

அவள் உள்ளே போய் மெயின் போர்டின் கதவைத் திறந்தாள். பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தாள். வடிவாம்பாள் ஆச்சி அடுக்களை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"பேர அழிக்கேன் ஆச்சி. ஒண்ணு புள்ளி ஒம்போதுன்னு எழுதியிருக்கு. இனிமே அது உண்மையில்ல."

தேய்த்தாள். பதிமூன்று வருஷப் பெயிண்ட் எளிதில் போகவில்லை. கடைசியில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் மட்டும் மின்னியது. தரையில் விழுந்த வெள்ளைத் தூளைக் கையால் வழித்து எடுத்து, வெளியே சாரலில் கையைக் கழுவிக்கொண்டாள். ஹெல்மெட்டை மாட்டும்போது அஹ்சன் பக்கத்தில் வந்து, "உங்க நம்பர் குடுங்கக்கா" என்றான். கொடுத்தாள்.

அன்று வீட்டில் ஸ்டான்லி, "கோவத்துல அழிச்சியா?" என்று கேட்டார்.

"இல்ல. கோவமா இருந்தா கதவ அடிச்சிச் சாத்திட்டு வந்திருப்பேன்."

மறுநாளுக்கு மறுநாள் சாரல் நின்றது. சில வருஷம் குற்றாலத்தில் இப்படி ஆகும். மலையில் மேகம் கலைந்து, பாறை தெரிந்து, அருவி நூலாகிவிடும். வந்தவர்கள் அறையைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். வெயில் கோடை மாதிரி அடித்தது. ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள்.

சண்முகநாதன் வேறொரு எலக்ட்ரீஷியனிடம் பேசியிருந்தார். அந்த ஆள் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் சண்முகநாதனுக்குக் காலையில் மோட்டார் போடப் போனாலும் மாலையில் வெளிவிளக்குப் போடப் போனாலும் மெயின் போர்டின் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. திறந்தால் தகரம் மின்னியது. முப்பத்தைந்து வருஷம் எல்லைக்கல் நட்டவர் அவர். நட்ட கல்லை ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிப் போட்டதைப் பார்த்திருக்கிறார். நட்டவனே வந்து, இது இடம் மாறிவிட்டது என்று சொல்லிப் பிடுங்கிப் போனதை அவர் பார்த்ததில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை ரூபிக்குப் போன் செய்தார்.

"ஒம்பது நாளா வெயிலு. மீட்டர எடுத்துக்கிட்டு வா. அஞ்சுக்குள்ள இருந்தா நீ கையெழுத்துப் போடணும்."

"மூணுக்குள்ள இருந்தாப் போடுதேன் அண்ணாச்சி."

"சரி, மூணு. வா."

அவள் மெயினை நிறுத்தி எர்த் வயரைக் கழற்றினாள். மீட்டரின் ஒரு கிளிப்பை அதில் மாட்டினாள். கம்பிகளை அடிக்கத் தெருப்பக்கம் போனபோது சண்முகநாதன் கையில் தன் பழைய டேப்போடு வந்தார். தூரத்தை அவரே அளந்தார். கம்பிகளை அவரே அடித்தார். மீட்டரை நாற்காலியில் வைத்தபோது, "தள்ளு, நான் சுத்துதேன்" என்றார்.

சுற்றினார். முள் நகர்ந்தது. இரண்டைத் தாண்டியது, ஐந்தைத் தாண்டியது, பதினான்கில் போய் நின்று லேசாக ஆடியது.

நிறுத்தினார். ஒரு கம்பியைப் பிடுங்கி இரண்டடி தள்ளி அடித்தார். வந்து மறுபடி சுற்றினார். பதினான்கு.

"ஒம்பது நாளுக்கே இப்பிடின்னா…" என்றார்.

"சித்திரையில முப்பதத் தொடும்."

அவர் பேவர் கற்களைப் பார்த்தார். "நாந்தான் காயவச்சிருக்கேன்."

"நான் அப்பமே சொன்னேன், தொவைக்க கல்ல எடுக்காதீயன்னு" என்றார் வடிவாம்பாள் ஆச்சி.

"நீ துணி தொவைக்கதுக்குல்லா சொன்ன."

"எதுக்குச் சொன்னா என்ன, சொன்னேனா இல்லையா?"

சண்முகநாதன் சிரித்தார். ரூபியும் சிரித்தாள். பிறகு அவர் கேட்டார், "எங்கன ஒடைக்கணும்?"

உடைக்க வேண்டியிருக்கவில்லை. ரூபி அந்தக் கணக்கை முதல் நாளே போட்டு வைத்திருந்தாள். சொல்ல அவர் இடம் கொடுக்கவில்லை. புதுக் குழிகள் பின்பக்கம், வாறுகால் திரும்பிய இடத்தில், வாழைகளுக்கு நடுவே. பத்தடி இடைவெளியில் இரண்டு. அங்கேயிருந்து செம்புப் பட்டை சுவரோரமாகவே வந்து, சார்ஜர் இருக்கும் இடத்தில் மட்டும் போர்டிகோவைக் குறுக்கே கடக்க வேண்டும். ஒரே ஒரு வரிசைக் கற்களைப் பெயர்த்தால் போதும்.

நாற்பத்தாறு கற்கள். சண்முகநாதன் சாக்பீஸ் எடுத்து ஒவ்வொன்றிலும் எண் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் கடப்பாரையை அனுமதித்தார். இருபத்தேழாவது கல்லும் முப்பதாவது கல்லும் இடம் மாறிவிட்டது என்று ஒரு முறை வேலையை நிறுத்தினார். பார்த்தால் மாறித்தான் இருந்தது.

குழிகளை ஆறடிக்கு மேல் இறக்கினாள் ரூபி. அடி மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, இன்னும் ஓரடி என்றாள். சாரல் இன்னும் திரும்பவில்லை. அது அவளுக்கு வசதியாக இருந்தது. ஐந்தாம் நாள் அளந்தபோது இரண்டு புள்ளி ஆறு. காய்ந்த மண்ணில் வந்த எண். பாரத்தில் கையெழுத்துப் போட்டாள். அஹ்சன் சார்ஜரைக் கிழக்குச் சுவரில் மாட்டினான். குரங்குப் பெட்டியை ஸ்டான்லி வெல்டிங் கடையில் சொல்லிச் செய்துகொண்டு வந்தார். அஹ்சன் அதைப் போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினான்.

ஆனி இருபத்தெட்டு வெள்ளிக்கிழமை கார் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சத்தமே இல்லாமல் ஏறி அது நசுக்கியதில் ஆச்சி திடுக்கிட்டு, "ஏ, வண்டி ஓடுதா?" என்றார். சார்ஜரை முதலில் தொடும் உரிமை ரூபிக்குத்தான் என்று சண்முகநாதன் சொல்லிவிட்டார். அவள் கன்னை மாட்டினாள். பச்சை விளக்கு. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நின்று, ஈரக்கையைக் காரின் கதவில் வைத்தாள். அங்கிருந்தவர்கள் அது ஏதோ சடங்கு என்று நினைத்திருக்கலாம். கீழப்பாவூர் வீட்டில் அம்மா பலகைமேல் நின்றது அவள் நினைவுக்கு வந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

"வா, பேரப் போடு" என்றார் சண்முகநாதன்.

"சித்திரையில."

"அதான் வெயில்லயே அளந்துட்டியே!"

"ரெண்டு வார வெயிலு சித்திரை ஆவாது அண்ணாச்சி. நீங்க பாதி நெலத்த அளந்துட்டு எல்லைக்கல்லு நடுவியளா?"

அவர் குனிந்து, நசுங்கிய எலுமிச்சம்பழங்களைக் கற்களின் மேலிருந்து பொறுக்கி எடுத்தார்.

நடுவில் பத்து மாதங்கள் ஓடின. அஹ்சன் செங்கோட்டையிலிருந்து, சுரண்டையிலிருந்து போன் செய்வான். "அக்கா, ரெண்டு வருது, ஆனா நேத்து மழ. என்ன செய்ய?" தன் பாரத்தின் ஓரத்தில் பேனாவால் மாதம் என்று ஒரு கட்டம் வரைந்துகொண்டிருப்பதாகச் சொன்னான். அண்ணாச்சியின் மைத்துனர் தன் இரண்டு லாட்ஜுகளின் எர்த்தையும் பார்க்கச் சொன்னார். ஒரு லாட்ஜில் குழியே இல்லை. எர்த் வயர் சுவருக்குள் போய், சுவருக்குள்ளேயே முடிந்திருந்தது.

இந்தச் சித்திரையில் சண்முகநாதன் உடனே கூப்பிடவில்லை. சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆனது, இரண்டு வாரம் ஆனது. ரூபியே ஒரு முறை கேட்டதற்கு, "பொறு" என்று மட்டும் சொன்னார். அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள் நண்பகலில் போன் வந்தது.

"மாடியில நாலு நாளா ஆளில்ல. வாறுகால்ல சொட்டுத் தண்ணி போவல. நானும் வாழைக்கு ஊத்தல, ரெண்டு எல காஞ்சி தொங்கிட்டு. அருவியில பாறைதான் இருக்கு. இதவிடக் காஞ்ச நாள் ஒனக்குக் கெடைக்காது. வா."

அவள் போனபோது அவர் டேப்போடு வாசலில் நின்றார். கம்பிகளை அடித்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலிக்கு முன் குந்தி உட்கார்ந்தார். ஆச்சி குடையோடு வந்து மீட்டருக்குப் பிடித்தார்.

"மீட்டருக்கா பிடிக்க, எனக்குப் பிடிட்டி."

"முள்ளு தெரியாண்டாமா?"

அவர் சுற்றினார். ரூபி முள்ளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சுற்றுவதை நிறுத்தாமல், இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றி, பிறகு கையை எடுத்தார்.

"ரெண்டு புள்ளி நாலு" என்றார். தன் மகன் மார்க்கைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

ரூபி மெயின் போர்டின் கதவைத் திறந்தாள். தேய்த்த இடம் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பெயிண்ட் அடித்து மூடச் சொன்னவர்கள் உண்டு, அண்ணாச்சி விடவில்லை. பெயிண்ட் பேனாவைக் குலுக்கி அந்தத் தகரத்தின் மேலேயே எழுதினாள். ரூபி. தேதி. 2.4. எழுத்து பழைய பெயரைவிடச் சற்றுப் பெரிதாக வந்தது.

சண்முகநாதன் பின்னால் நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"கீழ இன்னொரு வரி எழுது."

"என்ன அண்ணாச்சி?"

"சுத்துனது யாருன்னு எழுது."

எழுதினாள்.